கண்ணுக்குத் தெரிகிற வேலி

பெரிய வெள்ளியன்று காலை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இன்னாசி சாரின் மனைவி ரோஸ்லின்.

"டீச்சர், அவுக கம்பியில மாட்டிக்கிட்டாக. போயிட்டாக."

"எந்தக் கம்பி?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம். எந்தக் கம்பி என்று எனக்கு நன்றாகத் தெரியும். ரோஸ்லின் போனை வைத்துவிட்டார். நான் மிச்சக் கீரையையும் உருவி முடித்தேன். காம்பையெல்லாம் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதில் கீரையைப் போட்டு, உப்புப் பார்த்து, இறக்கி மூடி வைத்துவிட்டுத்தான் சேலை மாற்றினேன். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரைக்கும் வரவில்லை. அதைப் பற்றி யாரும் என்னிடம் விசாரிக்க வேண்டாம்.

சாரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். திண்டுக்கல்லில் எங்கள் பள்ளியில் அவரிடம் வரலாறு படித்தவர்கள் இன்று கடை வைத்திருக்கிறீர்கள், பஸ் ஓட்டுகிறீர்கள், சிலர் வெளிநாட்டில்கூட இருக்கிறீர்கள். அவர் இறந்துபோன விதம் பற்றி உங்கள் காதுக்கு வேறு வேறு மாதிரியாக வந்திருக்கும். நெஞ்சுவலி என்று சிலர் சொல்லியிருப்பார்கள். நான் தாவரவியல் டீச்சர். ஆசிரியர் அறையில் அவருக்கு எதிர் மேசை. பார்த்ததையும் கேட்டதையும் இருக்கிறபடி சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம். வேலி. கல்கோட்டையைப் பற்றிக் கேட்டால் கொட்டாவி விடுவார். மரக்கட்டையை நட்டு, முள்ளை அடைத்து, மண்ணை அணைத்துக் கட்டிய அரண் என்றால் சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார். பழைய ஊர்களைச் சுற்றி மிளை என்று காவற்காடு வளர்த்த கதை, பாளையக்காரர்களின் மண்கோட்டையைச் சுற்றி ஆள் நுழைய முடியாதபடி முள்வேலி நின்ற கதை, ரோமானியச் சிப்பாய்கள் நடக்கும்போதே தோளில் முளைக்கம்பைச் சுமந்துபோய்ச் சாயங்காலமானால் முகாமைச் சுற்றி நட்டுவிட்டுத் தூங்கிய கதை. பர்மாவில் தேக்குக்கட்டை அரணுக்கு முன்னால் வெள்ளைக்காரன் பீரங்கி திணறியது, நியூசிலாந்தில் மரவேலியின் மேல் நார்ச்செடியைப் பொதியாகக் கட்டித் துப்பாக்கிக் குண்டைத் தடுத்தது என்று உலகம் பூராவும் சுற்றிவிட்டுக் கடைசியில் என் மேசைக்கு வந்து நிற்பார். "டீச்சர், பாளையக்காரன் வேலிக்கு எந்த முள்ளு வச்சிருப்பான்? நம்ம கிளுவையா, கள்ளியா, இண்டா? நீங்க சொல்லுங்க, ஒங்க டிபார்ட்மென்டு." நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். எரிச்சலாக வரும். ஆனாலும் சொல்லுவேன்.

ஒருமுறை மலைக்கோட்டைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். வெயிலில் மூச்சு வாங்க ஏறி, பீரங்கி மேட்டுக்கு வந்ததும் பையன்கள் பீரங்கி மேல் உட்காரப் பார்த்தார்கள். சார் எல்லாரையும் கோட்டைக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்தார். "ஏலே, கல்லைப் பாத்தது போதும். கீழ பாருங்கலே. வெறும் பொட்டல். இங்க மேல ராசாவும் சிப்பாயும் பத்திரமா இருந்தாங்க. கீழ இருந்த சனத்துக்கு யாரு கல்லு கட்டிக் குடுத்தா? அவங்களுக்கு முள்ளுதான். கல்லு ராசாவக் காப்பாத்துச்சு. முள்ளு ஊரைக் காப்பாத்துச்சு." ஒரு பையன், "சார், முள்ளு இப்ப எங்க சார்?" என்று கேட்டான். "கரையான் தின்னுருச்சுப்பா. அதான் அதப் பாக்க யாரும் டிக்கெட் எடுக்கிறதில்ல" என்றார். பையன்கள் சிரித்தார்கள். எனக்குத் தாகமாக இருந்தது, சீக்கிரம் இறங்கினால் போதும் என்றிருந்தது.

இதைவிடப் பெரிய கூத்து பள்ளிக் கண்காட்சியில் நடந்தது. மற்ற ஆசிரியர்கள் அட்டையில் கோட்டை செய்தபோது, இவர் மைதானத்தில் நிஜமாகவே ஒரு மர அரண் கட்டினார். பந்தல்காரரிடம் சவுக்குக் கம்புகளை வாடகைக்கு எடுத்து, நுனியைச் சீவி, வட்டமாக நெருக்கி நட்டு, கயிற்றால் வரிந்து, வெளிப்பக்கம் கருவேல முள்ளைக் குவித்துவிட்டார். தலைமையாசிரியர் திறந்துவைக்கக் கத்தரிக்கோலோடு வந்தார். சிவப்பு ரிப்பனைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாணவிகள் நின்றார்கள். ரிப்பனை எங்கே கட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் வாசலே இல்லை. உள்ளே நின்றுகொண்டு கம்பைக் கட்டிக்கொண்டே வந்தவர்கள், கட்டி முடித்து வட்டத்தை மூடிவிட்டார்கள். சாரும் பத்தாம் வகுப்புப் பாதிப் பேரும் உள்ளே.

"சார், எப்படி வெளிய வருவீங்க?" என்று தலைமையாசிரியர் பல்லைக் கடித்தார்.

உள்ளேயிருந்து சாரின் குரல் வந்தது. "அதான் சார் நானும் யோசிக்கிறேன். எதிரி உள்ள வரவே முடியாது. அதுல ஒண்ணும் கொறை இல்ல."

பந்தல்காரர் வந்து முடிச்சை அறுத்துத்தான் வெளியே எடுத்தார். சார் சட்டையெல்லாம் முள் கிழித்திருந்தது. அடுத்த வாரம் வரைக்கும் ஆசிரியர் அறையில் அவரைக் கண்டாலே எல்லாரும், "சார், வாசல் இந்தப் பக்கம்" என்று கையைக் காட்டுவோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்த ரிப்பனை மட்டும் அறுக்கவிடாமல் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஓய்வு பெற்றபின் சிறுமலை அடிவாரத்தில் தன் ஊருக்கே போய்விட்டார். கொஞ்சம் நிலம், நாலு தென்னை, கத்தரியும் தக்காளியும். வியாழக்கிழமையானால் அய்யலூர் சந்தைக்குப் போவார். ஒரு ஆடுகூட வாங்க மாட்டார். ஆடு அடைக்கிற படலை எப்படிப் பின்னியிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் போவது. "ஆட்டுக் கெடை போடுறவன் வேலியைத் தோள்ல தூக்கிட்டே போறான் டீச்சர். ரோமாபுரிச் சிப்பாய்தான், மேல போத்துற துப்பட்டி மட்டும் வேற" என்று போனில் சொல்லுவார். நான் "சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருப்பேன்.

அவர் வயலுக்கு அடுத்த வயல் சேவியருடையது. சேவியர் சாருக்குச் சித்தப்பா மகன். தம்பி முறை. மக்காச்சோளம் போடுகிறவர். மலையிலிருந்து பன்றி இறங்கி இரண்டு வெள்ளாமையை ஒன்றுமில்லாமல் உழப்பிவிட்டது. மனிதர் பட்டாசு வெடித்துப் பார்த்தார், பழைய சேலையைக் கட்டிப் பார்த்தார், விடிய விடிய தகரத்தைத் தட்டினார். கடைசியில் வயலைச் சுற்றி முழங்கால் உயரத்தில் ஒற்றைக் கம்பி இழுத்து, மோட்டார் ரூமிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர் மட்டும் அல்ல. பலர் அப்படித்தான் செய்கிறார்கள், யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை.

நான் ஒருநாள் அங்கே போயிருந்தபோது அண்ணனும் தம்பியும் வரப்பில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சார் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"வேலின்னா கண்ணுக்குத் தெரியணும்டா. ஒலகத்துல மரக்கோட்டை கட்டுன அம்புட்டுப் பேரும் எதிரிக்குத் தெரியிற மாதிரிதான் கட்டுனான். இங்க வராதன்னு சொல்றதுக்குத்தான் வேலி. தெரியாம இருந்தா அது வேலி இல்ல, பொறி."

"பன்னிக்குப் பாடம் நடத்துங்கண்ணே, எனக்கு எதுக்கு?" என்றார் சேவியர்.

சார் என்னைப் பார்த்தார். நான் கிளுவை பற்றிச் சொன்னேன். மழை தொடங்கும்போது போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி நெருக்கமாக நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும், அடியில் கருவேல முள்ளை வைத்து அடைத்தால் பன்றி நுழையாது, ஆனால் வேலி கெட்டிப்பட மூன்று வருஷம் ஆகும் என்றேன்.

"மூணு வருசம் பன்னி காத்திருக்குமா டீச்சர்?" என்று சேவியர் கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

புகார் கொடுங்கள் என்று நான் சாரிடம் எத்தனையோ தடவை சொன்னேன். "கேசு ஆச்சுன்னா அவன் பிள்ளைக படிப்பு நின்னுபோகும் டீச்சர்" என்பார். அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்த வழிதான் ரிப்பன். சிவப்பு ரிப்பனைத் துண்டு துண்டாக வெட்டிக் கம்பி நெடுகக் கட்டுவது. புல் அறுக்க வருகிற பெண்கள், ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்தால் ஒதுங்கிப் போவார்களே என்று. என் பேத்தியின் பழைய பள்ளி ரிப்பன்களைக்கூடக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கரண்டு ஆபீஸ்காரன் கண்ணில் பட்டுவிடும் என்று சேவியர் அவிழ்த்துப் போடுவார். இவர் மறுபடியும் கட்டுவார். இவர் கட்ட, அவர் அவிழ்க்க, இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை மட்டும் நிற்கவில்லை. ஒருவர் வீட்டுக் குழம்பு மற்றவர் வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. எனக்கு அவர் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. ரிப்பன் கட்டுகிற மனுஷன் ஒரு மனுவை எழுதிக் கொடுத்திருக்கலாம்.

இனிமேல் சொல்லப்போவது அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டுமே நடக்கக்கூடியது. சேவியர் மோட்டார் ரூமிலேயே படுப்பார். விடியற்காலையில் மாதா கோயில் மணி அடிக்கும். அந்தச் சத்தத்துக்கு எழுந்து சுவிட்சை அணைப்பார். அலாரம் எதுவும் கிடையாது. சாரும் மணி கேட்டபிறகுதான் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போவார், போகிற வழியில் ரிப்பன் கட்டுவார். ஆனால் பெரிய வியாழன் பூசையிலிருந்து, ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவு வரைக்கும் கோயில் மணி அடிக்க மாட்டார்கள். மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். ஆண்டவர் பாடுபட்ட நாட்களில் மணி ஓசை கூடாது என்பது வழக்கம். ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் இது தெரியும். சேவியருக்கும் தெரியும். ஆனால் வியாழன் இரவு வெகுநேரம் கோயிலில் செபத்தில் இருந்துவிட்டு வந்து படுத்தவர், மணி அடிக்காது என்பதை நினைக்கவில்லை. எழுப்ப மணியில்லாததால் தூங்கிவிட்டார். சார் மணி அடிக்காது என்பதை நினைத்துக்கொண்டே, விடிந்துவிட்டதே, அணைத்திருப்பான் என்று போயிருக்கிறார். பெரிய வெள்ளியன்று அவர் செருப்புப் போட மாட்டார். அது அவருடைய நேர்ச்சை. வாய்க்கால் ஓரம் ஈரமாக இருந்தது. ரிப்பன் கட்டக் கம்பியைப் பிடித்திருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரை வீட்டுக்குத் தூக்கி வந்து பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். வலது உள்ளங்கையில் கறுப்பாக ஒரு கோடு. அதை யாரோ வேட்டி நுனியால் மூடியிருந்தார்கள். நான் அதைப் பார்த்தேன், பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன், அது ஓடிக்கொண்டிருந்தது. ரோஸ்லின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவரும் அழவில்லை. சேவியர் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் தலையில் கை வைத்துக் குந்தியிருந்தார். அவர் பக்கத்தில் ஒருவரும் போகவில்லை.

ஊர்ப் பெரியவர் தொம்மை வந்து ரோஸ்லினுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். மெதுவாகத்தான் பேசினார்.

"ஏத்தா, போன உசுரு வரப்போறதில்ல. நெஞ்சுவலின்னு சொல்லிருவோம். சாயங்காலத்துக்குள்ள அடக்கம் பண்ணிருவோம். போலீசுக்குப் போனா ஆசுபத்திரியில அறுப்பாக. ஆண்டவரு செத்த நாள்ல அவர் ஒடம்ப அறுக்கக் குடுக்கணுமா? சேவியரு யாரு, ஒன் கொழுந்தன். அவனும் மூணு பிள்ளை வச்சிருக்கான். குடும்பத்துக்குள்ள இருக்கட்டும்."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எது சரி என்று எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, மூளை மரக்கட்டையாக இருந்தது.

ரோஸ்லின் வேட்டி நுனியை விலக்கிச் சாரின் கையை வெளியே எடுத்து வைத்தார்.

"கல்யாணமாகி வந்த நாள்லருந்து இந்த மனுசன் வேலியப் பத்தித்தான் பேசுனாக. சோறு திங்கயிலயும் அதே பேச்சு. இப்ப அவுக செத்ததுல வேலியே இல்லைன்னு என்னையச் சொல்லச் சொல்றீகளா? மறைச்சு வச்ச கம்பிதான மாமா அவுகளக் கொன்னுச்சு. இன்னும் மறைக்கணுமா? நாளைக்குப் புல்லறுக்கப் போற பிள்ளைக்கு யாரு ரிப்பன் கட்டுவா?"

தொம்மை எழுந்துவிட்டார். வெளியே சேவியர் எழுந்து வாசல்படியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"மதினி, நீங்க யாரும் போக வேணாம். நானே ஸ்டேசனுக்குப் போயிச் சொல்லிர்றேன்."

ரோஸ்லின் அவரைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். என்ன சொல்லித் திட்டப் போகிறாரோ என்று நினைத்தேன்.

"செருப்பப் போட்டுட்டுப் போ" என்றார்.

சேவியரும் பெரிய வெள்ளிக்காக வெறுங்காலோடுதான் இருந்தார். அப்போதுதான் அந்த மனிதர் வாய்விட்டு அழுதார். யாரோ ஒரு ஜோடி ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து போட்டார்கள். அது அவருக்குச் சிறிசு. அதை மாட்டிக்கொண்டே சாலைப் பக்கம் நடந்தார்.

அன்று சாரைத் திண்டுக்கல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சனிக்கிழமை கொண்டுவந்து அடக்கம் செய்தோம். துக்கமணி இல்லை, பூசை இல்லை. கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை மரக்கட்டையைத் தட்டிக்கொண்டே முன்னால் நடக்க, ஊர் பின்னால் போனது. வாழ்நாள் பூராவும் மரக்கட்டையைப் பற்றிப் பேசிய மனிதருக்கு மரக்கட்டைச் சத்தம். சொன்னால் அவரே சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் வயல்களைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு வயலிலும் கம்பி இல்லை. ராத்திரியோடு ராத்திரியாகச் சுருட்டிவிட்டிருந்தார்கள். மனம் திருந்தி அல்ல, பயந்துபோய். பயம் தெளிந்தால் மறுபடியும் இழுப்பார்கள் என்று ரோஸ்லினுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சேவியர் மேல் வழக்கு நடக்கிறது. அவருடைய சோளத்தைப் பன்றி தின்றது போக மிச்சத்தை ஊரே சேர்ந்து அறுத்துக் கொடுத்தது. ஆடிக் கடைசியில் மழை விழுந்ததும் ரோஸ்லின் போன் செய்தார். "டீச்சர், கெளுவப் போத்து வெட்டியாச்சு. எம்புட்டு நெருக்கமா நடணும்னு வந்து சொல்லிட்டுப் போங்க." போனேன். இரண்டு வயலையும் சேர்த்துச் சுற்றி ஒரே வேலியாக நடுவது என்று அவரும் சேவியர் மனைவியும் முடிவு செய்திருந்தார்கள். வாசலுக்கு இரண்டு கல்லை முதலில் நட்டுவிட்டுத்தான் வேலியைத் தொடங்கினார்கள். "அவுக ஒரு தடவ உள்ள மாட்டிக்கிட்ட கதைய எனக்கும் சொல்லியிருக்காக" என்றார் ரோஸ்லின். போத்துகள் நட்டபோது வெறும் குச்சியாக நின்றன. இப்போது துளிர் விட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். கெட்டிப்பட இன்னும் வருஷம் ஆகும்.

வேலை முடிந்து கிளம்பும்போது ரோஸ்லின் என் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். சாரின் மேசையில் இருந்ததாம். பழைய சிவப்பு ரிப்பன் சுருள். பள்ளிக் கண்காட்சியில் அறுக்காமல் எடுத்துக்கொண்டு போனாரே, அதுதான். எல்லார் வீட்டு ரிப்பனையும் வெட்டிக் கட்டியவர் இதை மட்டும் வெட்டவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இது ஒன்றுதான், அலமாரியில் வைத்திருக்கிறேன்.

பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளியில் அவர் படத்தைத் திறக்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். படத்துக்குக் கீழே "இயற்கை எய்தினார்" என்று எழுதியிருந்ததைக் காட்டி, சரிதானா டீச்சர் என்று ஒரு பையன் கேட்டான். அழித்துவிடச் சொன்னேன். "பன்றிக்கு வைத்த மின்கம்பியில் இறந்தார்" என்று எழுதச் சொன்னேன். படத்துக்குக் கீழே அப்படி எழுதினால் நன்றாயிருக்குமா என்று தயங்கினான். நன்றாயிருக்காதுதான். பார்க்கிறவன் சற்று நின்று, ஒதுங்கிப் போவான். அதற்காகத்தான் சார் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்.

படம் திறக்கிற அன்று நான் வருவேன். அறுக்காத அந்த ரிப்பனையும் கொண்டுவருவேன். கத்தரிக்கோல் யாரும் எடுத்து வர வேண்டாம்.